கோலம் போடுகிறவர் ஆய்வு செய்யக்கூடாதா?

"சொந்தமாக வரைவது, கோலம் போடுவதெல்லாம் பொழுதுபோக்கு; மனிதர்-கணினி ஊடாட்டத்தில் (மனிதர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஆராயும் துறை) ஆள் வைத்துச் சோதித்து அளந்தால்தான் ஆய்வு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள் பிரதர், அது தப்பு. மைரன் க்ரூகர் என்ற கலைஞர் 1970-களிலேயே செய்த 'வீடியோப்ளேஸ்' பாருங்கள்: கேமரா நம் நிழலுருவைப் பிடிக்கும், கையை ஆட்டினால் திரையில் இருக்கும் உருவம் அதற்கேற்ப நகரும், மவுஸ் கிடையாது, கையுறையும் கிடையாது. காட்சிக்கு வைத்த கலைதான், மனிதரும் கணினியும் தொடர்புகொள்ளும் இடைமுகத்தைப் பற்றிய ஆய்வும் அதுவேதான். அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் புள்ளிக் கோலத்தை வைத்தே கணினிக்கான பட இலக்கணம், அதாவது படத்தை உருவாக்கும் விதிகள், எழுதினார் (ஊடாட்ட ஆய்வு இல்லை, சரி, ஆனால் பொழுதுபோக்கும் இல்லை). அதற்காக, வரைந்து சுவரில் மாட்டிவிட்டால் ஆய்வாகிவிடாது. சென்சார் எங்கே சொதப்பியது, வரைந்த கோட்டை ஏன் மாற்றினோம் என்று அடுத்தவர் கேள்வி கேட்கும் அளவுக்கு எழுதிவைக்க வேண்டும்.