பந்தில் குறைந்த காற்றும் லீக்குக்கு ஏறிய கோபமும்

அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் ஏமாற்று வேலை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது பேட்ரியட்ஸ் அணியின் நட்சத்திரம் டாம் பிரேடியின் பந்தைத்தான். பத்து வருடம் தாண்டியும் ‘காற்றைப் பிடுங்கினானா இல்லையா’ என்ற சண்டை ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வமில்லை. அளக்கத் தெரியாதவன் கையில் தராசைக் கொடுத்து, தீர்ப்பையும் அவனையே எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. நான் பேச நினைப்பது அதைப் பற்றி.

2015 ஜனவரி 18. பாஸ்டனுக்குத் தெற்கே ஃபாக்ஸ்பரோவில், லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதிப் போட்டி. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும் ஆட்டம். பந்தின் அழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ.க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இருக்க வேண்டும் என்பது விதி. இந்த லீக்கில் இரண்டு அணியும் ஒரே பந்தில் ஆடுவதில்லை. யார் கையில் தாக்குதல் வாய்ப்பு இருக்கிறதோ அவர்கள் தயார் செய்த பந்துதான் களத்தில் இருக்கும். 2006 முதல் இந்த ஏற்பாடு. அதைக் கேட்டு வாங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் இரண்டு குவாட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்: பேட்டன் மேனிங்கும் இதே பிரேடியும். குவாட்டர்பேக்குகள் ஆளுக்கொரு பிடிமானம் கேட்பார்கள். பிரேடிக்கு 12.5, அதாவது கீழ் எல்லை. கோல்ட்ஸ் பந்துகள் 13க்குப் பக்கத்தில் இருந்தன.

காற்று குறைந்தால் என்ன லாபம்? பந்து கொஞ்சம் அமுங்கும். குளிரிலும் மழையிலும் விரலுக்கு நல்ல பிடி கிடைக்கும். அவ்வளவுதான். அன்றைக்கு இடைவேளையில் பேட்ரியட்ஸ் 17-7 என்று முன்னிலையில் இருந்தது. இடைவேளையில் அந்த அணியின் பந்துகளில் காற்றடித்துச் சரிசெய்த பிறகு இரண்டாம் பாதியில் இன்னும் 28 புள்ளி எடுத்து 45-7 என்று முடித்தது.

இனி அளவீட்டுக்கு வருவோம். கோல்ட்ஸ் நிர்வாகம் ஆட்டத்துக்கு முன்பே லீக்கை எச்சரித்திருந்தது. அதாவது சந்தேகம் முன்கூட்டியே மேசையில் இருந்தது. அப்படியும் ஆட்டத்துக்கு முன் நடுவர் அளந்த எண்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நடுவரிடம் அழுத்தம் அளக்கும் கேஜ் இரண்டு இருந்தன. ஒன்றில் நிறுவன லோகோவும் நீளமான வளைந்த ஊசியும், மற்றதில் லோகோ இல்லை. இரண்டும் ஒரே பந்துக்கு 0.3 முதல் 0.45 பி.எஸ்.ஐ. வரை வித்தியாசம் காட்டின. எதை வைத்து முதலில் அளந்தீர்கள் என்று கேட்டபோது, லோகோ இருந்ததுதான் என்று ஞாபகம் என்றார் நடுவர். லீக் நடத்திய விசாரணையின் அறிக்கையோ மற்ற கேஜைத்தான் பயன்படுத்தியிருப்பார் என்று முடிவுகட்டியது. மற்ற பல விஷயங்களில் அவருடைய நினைவை நம்பிய அதே அறிக்கை, இந்த ஒரு இடத்தில் மட்டும் நம்பவில்லை.

இடைவேளையில் பேட்ரியட்ஸின் 11 பந்துகளை இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு கேஜால் அளந்தார்கள். ஒரு கேஜில் சராசரி 11.49, மற்றதில் 11.11. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை அளப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. அந்த நான்கை அளக்கும்போது நடுவர்கள் கேஜை மாற்றிப் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றும் எண்களை வைத்தே ஊகிக்க வேண்டியதாயிற்று.

பைக் டயரை மத்தியான வெயிலில் ஓட்டி வந்து காற்று பார்த்தால் ஒரு கணக்கு, மறுநாள் விடிகாலையில் பார்த்தால் ஒரு கணக்கு. காற்றடிக்கும் கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம் இது. அன்று நடுவர் அறை ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ், களம் 9 டிகிரி. பந்துக்குள் இருக்கும் உண்மையான அழுத்தம் என்பது கேஜ் காட்டும் 12.5 மட்டும் அல்ல. வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்து 27.2. வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்தால் 295இலிருந்து 282க்கு இறங்குகிறது. 27.2ஐ 282ஆல் பெருக்கி 295ஆல் வகுத்தால் 26.0 வரும். அதில் 14.7 போனால் மிச்சம் 11.3. யாரும் ஊசி குத்தாமலே பந்து 12.5இலிருந்து 11.3க்கு இறங்கும். லீக் அமர்த்திய எக்ஸ்போனன்ட் என்ற நிறுவனமே 11.32 முதல் 11.52 வரை எதிர்பார்க்கலாம் என்றுதான் சொன்னது. நடுவர் தன் ஞாபகப்படி லோகோ கேஜைத்தான் பயன்படுத்தினார் என்று வைத்துக்கொண்டால், 11.49 என்ற சராசரி அந்த எல்லைக்குள் அழகாக உட்காருகிறது. மற்ற கேஜ் என்றால் 11.11 கீழே விழுகிறது. முழு வழக்கும் எந்த ஊசி என்ற கேள்வியில் தொங்குகிறது.

கோல்ட்ஸ் பந்துகள் அவ்வளவு இறங்கவில்லையே என்பது எதிர்வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அவற்றைக் கடைசியில் அளந்தார்கள். இடைவேளை 13 நிமிடம் சொச்சம். சூடான அறையில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பந்தின் அழுத்தம் திரும்ப ஏறும். ஈரமான பந்து மெதுவாகச் சூடேறும், காய்ந்த பந்து சீக்கிரம் ஏறும். எந்தப் பந்தை எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள், அது நனைந்திருந்ததா என்ற குறிப்பு கிடையாது. பத்தாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் இப்படி ஒரு பதிவேட்டைக் கொடுத்தால் ஆசிரியர் திருப்பி எறிவார்.

பேட்ரியட்ஸ் பக்கம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போன ஊழியர் வழியில் ஒரு கழிப்பறைக்குள் ஒரு நிமிடம் 40 நொடி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அவர் தன்னையே ‘டிஃப்ளேட்டர்’ (காற்றிறக்குபவர்) என்று அழைத்துக்கொண்ட குறுஞ்செய்தி கிடைத்தது. விசாரணை நடக்கும்போது பிரேடி தன் பழைய கைபேசியை அழித்துவிட்டார். இதெல்லாம் நாற்றமடிக்கிற சங்கதிகள். ஆனால் நாற்றம் வேறு, நிரூபணம் வேறு. 243 பக்க அறிக்கையும் ‘நடக்கவில்லை என்பதைவிட நடந்திருப்பதற்கே சாத்தியம் அதிகம்’ என்ற அளவில்தான் நின்றது. பிரேடிக்குப் பொதுவாகத் தெரிந்திருக்கும் என்றது, அவர் சொல்லித்தான் செய்தார்கள் என்று சொல்லவில்லை.

தண்டனை: பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஏலமில்லாத் தேர்வில், 2016இன் முதல் சுற்றுத் தேர்வும் 2017இன் நான்காம் சுற்றுத் தேர்வும் பறிப்பு. பந்தைக் கெடுத்தால் 25,000 டாலர் அபராதம் உட்பட நடவடிக்கை என்றுதான் லீக்கின் ஆட்ட நடத்தைக் கையேட்டில் இருந்தது. அந்த ஃபாக்ஸ்பரோ ஆட்டத்துக்கு ஏழு வாரம் முன்பு, 2014 நவம்பர் கடைசியில், மினசோட்டா வைக்கிங்ஸும் கரோலைனா பாந்தர்ஸும் கடுங்குளிரில் ஆடியபோது ஓரத்தில் இருந்த ஹீட்டரில் பந்தைக் காட்டிச் சூடேற்றியதைத் தொலைக்காட்சியே காட்டியது. அதுவும் பந்தை மாற்றும் வேலைதான். எச்சரிக்கையோடு முடிந்தது.

கொஞ்சம் பக்கத்து ஆட்டமான கிரிக்கெட்டைப் பாருங்கள். 2018இல் கேப் டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரம். ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஐசிசி கொடுத்தது ஒரு டெஸ்ட் தடையும் அந்த ஆட்டச் சம்பளம் முழுவதும் அபராதமும் மட்டும், ஏனென்றால் அன்றைய விதிப்புத்தகம் அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. 12 மாதத் தடை அவருடைய சொந்த வாரியம் போட்டது. ஐசிசி அதன் பிறகு புத்தகத்தைத் திருத்தி அந்தக் குற்றத்தை மேல்நிலைக்கு ஏற்றியது. முதலில் விதி, பிறகு தண்டனை. என்எஃப்எல்லில் இந்த வரிசை தலைகீழ்.

வீரர்களுடனான கூட்டு ஒப்பந்தத்தின் 46ஆம் பிரிவு லீக்கின் தலைவரான ஆணையருக்கு விளையாட்டின் நேர்மை சார்ந்த விஷயங்களில் தண்டிக்கும் அதிகாரம் கொடுக்கிறது. மேல்முறையீட்டையும் அவரே கேட்கலாம். ஆணையர் ரோஜர் குடெல் தன் தீர்ப்பின் மீதான முறையீட்டைத் தானே கேட்டு, தானே உறுதி செய்தார். 2015 செப்டம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் அதை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. காற்று போனதா என்பது அங்கே கேள்வியே இல்லை. வீரர் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கொடுத்திருந்தது. 2020 ஒப்பந்தத்தில் தனிநபர் நடத்தை வழக்குகளை முதலில் கேட்கத் தனி அதிகாரி வந்தார். ஆட்ட நேர்மை வழக்குகள் மட்டும் இன்னும் ஆணையர் மடியில்தான்.

தடையால் பிரேடிக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா? தடைக் காலத்தில் அடிப்படைச் சம்பளம்தான் வெட்டப்படும். 2016 மார்ச்சில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதி, அந்த வருட அடிப்படைச் சம்பளத்தை 10 லட்சம் டாலராக இறக்கி, மிச்சத்தை போனஸ் பக்கம் தள்ளினார்கள். 17 வாரச் சம்பளத்தில் 4 வாரம், ஆக சுமார் 2,35,000 டாலர். பழைய ஒப்பந்தத்தில் கோடிக் கணக்கு ரூபாய் போயிருக்கும். அவர் இல்லாத 4 ஆட்டத்தில் அணி மூன்றை வென்றது. அந்தப் பருவத்தின் கடைசியில் 28-3 என்று பின்தங்கி, அட்லாண்டாவை 34-28 என்று வென்று லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் எடுத்துக்கொண்டு போனது.

டிராஃப்ட் தேர்வைப் பறிப்பதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான, ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பு சொல்லும் புள்ளி அட்டவணையை எல்லா அணி அலுவலகமும் அறியும். முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 32ஆவதுக்கு 590. ஜெயிக்கிற அணி வரிசையின் கடைசியில் நிற்கும். 2016இல் பேட்ரியட்ஸ் இழந்தது 29ஆவது தேர்வு, 640 புள்ளி. அதே தண்டனை கடைசி இடத்தில் முடித்த அணிக்கு விழுந்தால் 3000. ‘முதல் சுற்றுத் தேர்வு’ என்ற ஒரே சொல்லுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு விலை வித்தியாசம். 2007இல் ஜெட்ஸ் பயிற்சியாளர்கள் தங்கள் வீரர்களுக்குக் காட்டிய சைகைகளைப் படம்பிடித்து மாட்டியபோது இதே பேட்ரியட்ஸ் இழந்தது அடுத்த ஆண்டின் 31ஆவது தேர்வு. சான் ஃபிரான்சிஸ்கோவிடமிருந்து ஏற்கெனவே வாங்கிய 7ஆவது தேர்வு கையில் பத்திரமாக இருந்தது. அதை 10ஆக மாற்றி ஜெராட் மேயோவை எடுத்தார்கள். 2008இன் சிறந்த புது தற்காப்பு வீரர் அவர்தான். இந்த வகையில் தண்டித்தால் யாருக்கு வலிக்கும்?

அந்த 2007 வழக்கில் தண்டனை கொடுத்தது சரி என்பேன். எதிரணி சைகையைக் கண்ணால் பார்த்துக் காகிதத்தில் குறித்துக்கொள்வது அன்றும் இன்றும் குற்றமில்லை. களத்து ஓரத்திலிருந்து கேமராவில் பிடிப்பதுதான் குற்றம். 2006 செப்டம்பரில் லீக் எல்லா அணிக்கும் சுற்றறிக்கை அனுப்பித் தெளிவாகச் சொல்லியிருந்தது. அப்படியும் செய்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம். ஆனால் லீக் கைப்பற்றிய ஒளிப்பதிவுகளைத் தானே அழித்தது. செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் ஏன் அழித்தீர்கள் என்று கேட்டதற்கு யாரும் ஒப்பும் பதில் வரவில்லை. சாட்சியத்தை அழித்ததற்காக பிரேடியை விளாசிய லீக் இதுவே. உருப்படியாக நடந்தது ஒன்று: 2008 முதல் தற்காப்பு வீரர் ஒருவரின் ஹெல்மெட்டிலும் பயிற்சியாளர் பேசுவது கேட்கும் ரேடியோ வந்தது. சைகை குறைந்தது, திருடவும் கொஞ்சமே மிஞ்சியது. தண்டனையைவிட அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் கதை இன்னொரு ரகம். 2009 முதல் 2011 வரை எதிரணி வீரனைத் தூக்கிக்கொண்டு போகும்படி அடித்தால் 1,000 டாலர், ஆட்டத்துக்கே திரும்பாதபடி செய்தால் 1,500 என்று பரிசு வைத்ததாக லீக் சொன்னது. பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு 2012 பருவம் முழுவதும் தடை. அணி 7 வெற்றி, 9 தோல்வி என்று முடித்தது. என் பார்வையில் இந்த லீக்கில் வலித்த தண்டனை அது ஒன்றுதான், ஏனென்றால் முடிவெடுக்கிற ஆளையே வீட்டுக்கு அனுப்பினார்கள். வீரர்கள் நால்வருக்குக் கொடுத்த தடைகளோ 2012 டிசம்பரில் முன்னாள் ஆணையர் பால் டாக்லியாபூ கையில் முறையீடு போனதும் ரத்தாயின. தவறு நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. பழி முதன்மையாகப் பயிற்சியாளர்கள், நிர்வாகத்தின் மேல் என்றார். நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்ததும் தீர்ப்பு எப்படி மாறியது பாருங்கள்.

தட்டிக்கொடுத்து அனுப்பிய வழக்குகளும் உண்டு. 1996 முதல் 1998 வரை டென்வர் பிராங்கோஸ் ஊதிய உச்சவரம்புக்குக் கணக்கில் காட்டாமல், சம்பளத்தைப் பிறகு தருவதாக ஒத்திவைப்பு ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. நடுவே இரண்டு சூப்பர் பவுல் வென்றது. பணப்புழக்கப் பிரச்சினைதான், களத்தில் ஆதாயமில்லை என்றது அணி. மொத்தத் தண்டனை இரண்டு அபராதமும், மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டும். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2013, 2014இல் எதிரணி ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கத் தயாராகும்போது ஒலிபெருக்கியில் போலிக் கூச்சலைப் போட்டது. குவாட்டர்பேக் குரல் கேட்காவிட்டால் முன்வரிசை லைன்மேன் முன்கூட்டி அசைவான், அபராதமாக அப்படியே 5 யார்டு போகும். நேரடியான ஆதாயம் இது, நிரூபணமும் ஆயிற்று. 3.5 லட்சம் டாலரும் ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வும். பிரேடி தண்டனைக்கு ஆறு வாரம் முன்பு இதே லீக் கொடுத்தது.

நான் கேட்பது கொஞ்சம்தான். சான்றளித்த ஒரே ரகக் கேஜ், பந்தின் எண், நேரம், அறை வெப்பநிலை எல்லாம் சேர்ந்த பதிவேடு. தேர்வைச் சுற்றால் அல்ல, புள்ளியால் பறிப்பது: 600 புள்ளி என்றால் மேல் அணி முதல் சுற்றின் கடைசியைக் கொடுக்கட்டும், கீழ் அணி 580 மதிப்புள்ள இரண்டாம் சுற்றின் தொடக்கத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு ஒரு பின்சுற்றுத் தேர்வைச் சேர்க்கட்டும். பணக்கார முதலாளிக்கு அபராதம் சில்லறை, எனவே பயிற்சியாளருக்கும் பொது மேலாளருக்கும் ஆட்டத் தடை. முறையீடு ஆணையருக்கு வெளியே போக வேண்டும். இதில் எதற்கும் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம்.

2015 பருவத்தில் பந்துகளுக்கு எண் போட்டு, சில ஆட்டங்களில் இடைவேளையில் திடீர்ச் சோதனை செய்து, அளவுகளைக் குறிக்கும்படி லீக் விதி கொண்டுவந்தது. குளிர்காலத்தில் யாரும் தொடாத பந்து எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஒரு பருவத்து எண்கள் கையில் வந்தன. அந்த எண்களை லீக் இன்றுவரை வெளியிடவில்லை.