402 மீற்றருக்கு முன்னால் 300 கிலோமீற்றர் இருக்கிறது

நேர்ப்பாதையில் இரண்டிரண்டு பேராய் வேகம் பார்க்கும் டிராக் ரேஸை பைக்கில் ஓட ஆசைப்படும் எங்கள் ஊர்த் தம்பிமாரின் செலவுக் கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். முதல் காசு சைலன்சருக்கு. அடுத்தது எஞ்சின் சிலிண்டரின் துவாரத்தை (போர்) பெருப்பிக்க. பிறகு ஸ்டிக்கர். ரயர், கிளச், பைக்கை ஏற்றிப்போகும் வாகனம் எல்லாம் மிச்சக் காசில். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டு வாருங்கள்.

டிராக் ரேஸின் தூரமான குவாட்டர் மைல் என்றால் 402 மீற்றர். பைக்கைப் பொறுத்துப் பத்துப் பதினாறு வினாடியில் முடிந்துவிடும். ஆனால் திருகோணமலையிலிருந்து களுத்துறைப் பக்கம் பந்தயம் நடக்கும் கட்டுக்குருந்தை ஓடுபாதைக்குப் போவதென்றால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், கொழும்பு என்று ஒரு வழிக்கே 300 கிலோமீற்றர் அளவில் வரும். இதைத் தொழிலாக எடுப்பவனுடைய சீவியம் பாதிக்கு மேல் அந்த வீதியில்தான் போகும்.

அதனால் ரேஸ் பைக்கை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முன் ஸ்புரொக்கெட்டில் ஒரு பல் குறைத்தால், பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். அப்படிப் பல் மாற்றிய பைக் 70இல் போனாலும் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். ஓடுபாதைக்கு வந்து சேரும்போது எஞ்சின் பாதி செத்திருக்கும், ஓட்டினவன் முழுக்கச் செத்திருப்பான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பட்டா லொறி பிடியுங்கள்.

பைக்கை லொறியில் கட்டுவதற்கும் முறை இருக்கிறது. ரட்செட் பட்டி நான்கு வேண்டும். முன்னிரண்டையும் ஹாண்டிலில் மாட்டாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்பில் மாட்டுங்கள். முன் ஷொக்கைப் பாதிக்கு மேல் அமுக்கிக் கட்டினால் குழிக்குக் குழி ஒயில் சீல் அடிவாங்கும். கசியும் ஒயில் டிஸ்கில் வடிந்தால் பிரேக்கும் போயிற்று. காபரேற்றர் பைக் என்றால் பெற்றோல் டாப்பை மூடுங்கள். திறந்து விட்டால் லொறி குலுங்கக் குலுங்க ஃப்ளோட் ஊசி ஒழுங்காக அடைக்காது, பெற்றோல் சிலிண்டர் வழியாக ஒயிலுக்குள் இறங்கும். போய் இறங்கியதும் டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் வந்தால் ஒயிலை மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கந்தளாயில் நிறுத்திப் பட்டிகளை ஒருமுறை இறுக்குங்கள், அதற்குள் எப்படியும் இளகியிருக்கும். அங்கிருந்து ஹபரணை வரை யானை கடக்கும் வீதி, இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள்.

இனிக் காற்று. இங்கே கச்சான் அடிக்கும் மாதத்தில் மத்தியான வெயிலில் ஜெட் (பெற்றோல் வரும் சின்னத் துவாரம்) சரிபார்த்த காபரேற்றர், களுத்துறை விடியற்காலையில் லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெற்றோல் குறைந்துவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூட. அதே ஜெட்டில் வரும் பெற்றோல் அதற்குப் போதாது, பிஸ்டன் தலை உருகும். ஆகவே மெயின் ஜெட்டில் இப்போதிருப்பதற்கு மேலே இரண்டு அளவும் கீழே இரண்டு அளவும் பெட்டியில் இருக்க வேண்டும். அதே பைக்கை நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கும் கொண்டுபோகிறவருக்குக் கணக்கு எதிர்ப்பக்கம். 1,800 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவில் குறைந்துவிடும், ஜெட்டையும் சிறிதாக்க வேண்டும். எது சரி என்பதைப் பிளக் சொல்லும். முழு த்ரொட்டிலில் கோட்டைக் கடந்ததும் கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, உருண்டே வாருங்கள். பீங்கானின் அடியில் மெல்லிய கபில வளையம் இருந்தால் நல்லது. பீங்கான் வெளுத்து, உப்புத்தூள் தூவினாற்போல மினுங்கினால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். ஜெட்டைப் பெருப்பிக்காமல், ஒக்டேன் 95 பெற்றோல் ஊற்றாமல் மறு ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முதல் 60 அடியில் முடிவாகும். அங்கே 0.1 வினாடி பிடித்தால் கோட்டில் 0.15 அளவில் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. அதே நேரத்தைக் குதிரைவலுவால் பிடிக்கப் போனவர்களின் கராஜ் பில்லைக் கேட்டுப் பாருங்கள்!

வீதியில் 30 பி.எஸ்.ஐ. அளவில் ஓடும் பின் ரயரை 20 வரை இறக்கினால் பிடி கூடும். ஆனால் ரியூப் ரயரில் அதைச் செய்யும்போது, ரிம்மில் ரயரை இறுக்கிப் பிடிக்கும் ரிம் லொக் போடாவிட்டால், கிளச் விட்ட வேகத்தில் ரயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிடுங்கிவிடும். நின்ற இடத்திலேயே பின் சில்லைச் சுழற்றிப் புகை கக்கும் பர்ன்அவுட் ஃபோனுக்கு நன்றாக இருக்கும், வீதி ரயருக்குக் கூடாது. சூடு மிஞ்சினால் ரப்பரின் மேல் எண்ணெய்ப் பசை வந்து இன்னும் வழுக்கும். தூசு போக ஒரு சின்னச் சுழற்று போதும்.

கிளச்சைத்தான் எல்லாரும் கடைசியாகப் பார்க்கிறார்கள். புதுப் பிளேட்டை ஓர் இரவு ஒயிலில் ஊறவைத்துப் போடுங்கள். அடுத்தடுத்த ஓட்டத்தில் சூடேறினால் இரும்புப் பிளேட் நீலமாகி வளையும். வளைந்தால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் பைக் மெல்ல ஊரும், நியூட்ரல் விழாது. தொடக்கக் கோட்டின் ஒளிக்கதிரில் (ஸ்டேஜ் கதிர்) நிற்க வேண்டிய முன் சில்லு தானாக முன்னே போகும், சிவப்பு விளக்கு எரியும், வீட்டுக்குப் போகலாம். ரியாக்‌ஷன் பிழைத்தது என்று ஓட்டினவனைத் திட்டுவார்கள், பழுது பிளேட்டில் இருக்கும். ஓட்டங்களுக்கு நடுவே மின்விசிறி வைத்து ஆறவிடுங்கள். கொதிக்கும் ஹெட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும்.

ஓட்ட நேரம் முன் சில்லு கதிரை விட்டு விலகும்போதுதான் எண்ணத் தொடங்கும். பச்சை விளக்கிலிருந்து அல்ல. ஆகவே பச்சைக்குப் பிந்திக் கிளம்பினால் நல்ல நேரம் ஓடியும் தோற்கலாம். ஸ்போர்ட்ஸ்மன் எனும் தொடக்க விளக்கு முறையில் மூன்று மஞ்சள் விளக்குகள் 0.5 வினாடி இடைவெளியில் எரியும். கடைசி மஞ்சளிலேயே கிளச்சை விட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ஜூனியர் டிராக் ரேஸ் லீக்கில் சின்னப் பிள்ளைகளே இதைப் பழகுகிறார்கள்.

பழக இங்கே இடம் எங்கே என்று கேட்பீர்கள். கிண்ணியாப் பாலத்தைச் சொல்லாதீர்கள். அதன் மொத்த நீளமே 396 மீற்றர், குவாட்டர் மைலுக்கே காணாது. 120இல் வரும் பைக் ஒரு வினாடிக்கு 33 மீற்றர் போகும். ஓட்டினவர் பிரேக் பிடிக்கும்போது எதிரே முச்சக்கரவண்டி நிற்கும்.

எங்கள் சீனக்குடா விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை 2 கிலோமீற்றருக்கு மேல் நீளம். கட்டுக்குருந்தையும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதைதான். அங்கே பந்தயம் நடக்கலாம் என்றால் இங்கே வருடத்துக்கு இரண்டு நாள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் வெறும் கையெழுத்து மகஜர் சரிவராது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். சனம் எங்கே நிற்கும், தடுப்பு எங்கே, அம்புலன்ஸ் எந்தப் பக்கத்தால் வரும், காப்புறுதி யார் பெயரில் என்று வரைபடத்தோடு கொண்டுபோனால்தான் விமானப்படை கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும். வரைபடம் கீறத் தெரிந்தவர்களும் காப்புறுதி விஷயம் தெரிந்தவர்களும் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.