சாயாக்கடை (டீக்கடை) கிளாஸில் புற்றுநோய் ஒட்டாது

‘அடுத்தவர் குடித்த கிளாஸில் குடித்தால் எச்.பி.வி (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸ் தொற்றி வாய்ப் புற்றுநோய் வரும்’ என்றொரு செய்தி குமரி மாவட்டக் களியக்காவிளை வட்டார வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இந்த வைரஸ் தொண்டைக்குப் போவது பெரும்பாலும் வாய்வழி உடலுறவால்; இணைகளின் எண்ணிக்கை கூடினால் அபாயமும் கூடும். தொற்றினாலும் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உடலே விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிடும், இந்த வைரஸின் 16-ஆம் வகைதான் ஆபத்து. அதுவும் தாக்குவது டான்சிலையும் தொண்டைப் பக்க அடிநாக்கையும். பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். புகைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

கன்னம், ஈறில் வரும் புற்றுக்கு நம் பக்கத்தில் முதல் குற்றவாளி முறுக்கான்தான் (வெற்றிலை-பாக்கு மெல்லுவது). புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும். (செய்தியை அனுப்புகிறவர் வாயிலேயே அது இருக்கலாம்!)

கழுத்தில் வலியில்லாத கட்டி 3 வாரம் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எச்.பி.வி தடுப்பூசி 9–14 வயதில், தொற்றுக்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன்.