ஆயிலைக்கூட இறக்கிப் பாக்காம "டிரான்ஸ்பர் கேஸ் போச்சு"ங்கறாங்க

வண்டியில தடதடன்னு சத்தம்னு மெக்கானிக்குங்க கிட்டப் போனேன். வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கல. ஆயிலை இறக்கல. சக்கரங்களுக்குச் சக்தி கொண்டு போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கல. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து கதவைச் சாத்துறதுக்குள்ள தீர்ப்பு வந்துடுது: "டிரான்ஸ்பர் கேஸ் போயிடுச்சு சார், பெட்டியையே மாத்திடலாம்." டிரான்ஸ்பர் கேஸ்னா, கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிச்சுத் தர்ற பெட்டி. சரி, உள்ள எது போச்சு? பேரிங்கா, பல்லா, கியரைத் தள்ளுற ஃபோர்க்கா? "பழைய வண்டி இல்லையா சார், அப்படித்தான் ஆகும்." இது ஒரு பதிலா? பழைய வண்டிங்கறது வண்டியோட வயசு. அதைச் சொல்லக் கைல ஸ்பேனர் பிடிச்ச ஆள் எதுக்கு?

இன்னொருத்தர் ஒரு படி மேல போனார். "உள்ள செயின் லூஸாயிடுச்சு, அதான் தடதடங்குது"ன்னார். என் வண்டி பழைய ஜீப். அதுல இருக்கறது வில்லிஸ் காலத்து ஸ்பைசர் 18ங்கற பெட்டி. முழுக்கப் பல்சக்கரம். அதுக்குள்ள செயினே கிடையாது! லேண்ட் ரோவர் எல்டி 230, டானா 300 மாதிரிப் பெட்டிங்கள்லயும் கிடையாது. செயின் வெச்ச பெட்டி உண்டு, ஜீப்ல பின்னாடி வந்த என்பி 231 மாதிரி. அதுல செயின் நீண்டுட்டா, ஃபோர் வீல் போட்டு, அதாவது நாலு சக்கரமும் இழுக்க, பாரம் ஏறும்போதுதான் பல்லைத் தாண்டி டக் டக்னு அடிக்கும். டூ வீல்ல, பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது, செயினுக்கு வேலையே இல்ல, அதனால அந்தச் சத்தமும் இருக்காது. என் வண்டியில சத்தம் வர்றதே டூ வீல்லதான். அதாவது செயின் இருந்திருந்தாக்கூட அவர் சொன்னது தப்பு.

எனக்குக் கோபம் வர்றது இதனாலதான்: இந்தப் பெட்டியில கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கறதுக்குப் பெட்டியே வழி வெச்சிருக்கு. அதுல நியூட்ரல்னு ஒண்ணு இருக்கு. ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலுக்குத் தள்ளுங்க. கியர்பாக்ஸை ஒவ்வொரு கியரா போட்டு கிளட்சை விடுங்க. வண்டி நகராது, ஆனா கியர்பாக்ஸும் பெட்டியோட உள்வாங்குற பக்கமும் சுத்தும். சத்தம் அப்பவும் வந்தா, கோளாறு கியர்பாக்ஸ்ல, இல்லேன்னா பெட்டிக்குள்ள இருக்கற இடைச் சக்கரத்துல. சத்தம் நின்னுட்டா அவுட்புட் ஷாஃப்ட், கிராஸ் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில மடங்குற இணைப்பு), டிஃப்ரன்ஷியல் (வளைவுல சக்கரங்களை வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரத் தொகுதி)னு பின்னாடி பக்கம் தேடணும். செலவு பூஜ்யம். இதைக்கூடச் செய்யாம எதை வெச்சுத் தீர்ப்பு சொல்றீங்க?

அடுத்தது இன்னும் சுலபம். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அதிர்வு போயிடுச்சா? அப்ப கிராஸ் தேய்ஞ்சிருக்கு, இல்ல ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, இல்ல முன் டிஃப்ரன்ஷியல். பெட்டி மேல பழி போடறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சா எத்தனையோ நல்ல பெட்டிங்க தப்பிச்சிருக்கும். கிராஸ் ஒண்ணு தேய்ஞ்சு, கியர் போட்டதும் கிளட்ச் விட்டதும் "டங்"னு அடிக்கறதைக் கேட்டே பெட்டியை இறக்கினவங்க இருக்காங்க.

ஆயிலைப் பத்திச் சொல்லியே ஆகணும். டிரெயின் போல்ட்டைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில ஊத்திப் பாத்தா பாதிக் கதை வெளிய வந்துடும். சாம்பல் நிறத்துல மசி மாதிரி வந்தா அது வயசான பல்லோட தேய்மானம், பயப்பட வேண்டியதில்ல. விரல்ல நெருடுற அளவுக்குச் செதில் வந்தா பல்லு உடையுது, இல்ல பேரிங் உரிஞ்சு கொட்டுது. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி புகுந்திருக்கு, ப்ரீதரைப் பாக்கணும். அந்தச் சின்னக் குழாய் அடைச்சுக்கிட்டா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி ஆயிலை வெளிய விடாம அடைக்கற நல்ல ஆயில் சீலையும் கசிய வெச்சுடும். நம்மாளுங்க சீலை மட்டும் மாத்திட்டே இருப்பாங்க, ப்ரீதர் பக்கம் தலைகூடத் திரும்பாது.

"லீவர் சிக்கிடுச்சு, ஃபோர் வீல்ல இருந்து வெளிய வரமாட்டேங்குது, பெட்டி போச்சு"ன்னு ஒரு கூட்டம். கெட்டியான தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு வளைச்சு வளைச்சு ஓட்டினா வேற என்ன ஆகும்? திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் போறதில்ல. நடுவுல டிஃப்ரன்ஷியல் இல்லாத பெட்டியில அந்த வித்தியாசம் போக இடமில்லாம ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கிக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா முறுக்கு விட்டு லீவர் தானா வந்துடும். முன்னாடி புது டயர், பின்னாடி மொட்டை டயர்னு போட்டு ஓட்டினா நேர் ரோட்டுலயே இந்தக் கதைதான். இதுக்குப் பெட்டியை இறக்கறதா?

பெட்டியோட லோ கியர்ல இறக்கத்துல இறங்கும்போது லீவர் துள்ளி வெளிய வருதுன்னா அது நிஜமாவே கவலைப்பட வேண்டிய விஷயம், நான் மறுக்கல. ஆனா அதுலயும் முதல்ல பாக்க வேண்டியது லீவரைப் பெட்டியோட இணைக்கற, வெளிய இருக்கற லிங்கேஜ். அதோட இணைப்புல இருக்கற புஷ்ங்கற வளையம் தேய்ஞ்சா லீவர் முழுசாப் போகாது, பல்லு பாதிதான் கோக்கும். அப்படியே ஓட்டிட்டே இருந்தா பல்லோட ஓரம் வட்டமாத் தேயும், அப்புறம் எந்த ஸ்பிரிங் மாத்தியும் நிக்காது. ஆரம்பத்துலயே புஷ் மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். மாருதி ஜிப்சி மாதிரி பெட்டி தனியா ரப்பர் மவுண்ட்டுல தொங்கற வண்டியில மவுண்ட் கிழிஞ்சாலும் இதே துள்ளல் வரும். மவுண்ட்டை எத்தனை பேர் தொட்டுப் பாக்கறாங்க?

சரி, நிஜமாவே பெட்டி போயிடுச்சு, மாத்தித்தான் ஆகணும்னே வெச்சுக்குவோம். அங்கயும் அதே அலட்சியம். "நல்ல பெட்டி ஒண்ணு இருக்கு சார், அப்படியே தூக்கி மாட்டிடலாம்." எந்த வருஷத்துது? ஸ்பைசர் 18லயே ஆரம்ப காலப் பெட்டியில இடைச் சக்கர ஷாஃப்ட் முக்கால் அங்குலம்தான், பின்னாடி வந்ததுல ஒண்ணேகால் வரைக்கும் போச்சு. லோ விகிதம் பழசுல 1.97, பிந்தினதுல 2.46. ஒரே பேரு, வெளியில பாத்தா ஒரே மூஞ்சி, உள்ள வேற. இதைக் கேட்டா "எல்லாம் ஒண்ணுதான் சார்". என்பி 231ல கேட்டாலும் அதேதான் சொல்வாங்க. அதுல கியர்பாக்ஸோட கோக்குற இன்புட் ஸ்ப்ளைன் 21 பல்லும் உண்டு, 23 பல்லும் உண்டு. பாத்து வாங்கலைன்னா கியர்பாக்ஸோட கோக்கவே கோக்காது.

மாட்டறதுக்கு முன்னாடி பெட்டி தரையில கையெட்டுற தூரத்துல கிடக்கும்போது சீல் மாத்துங்கன்னு கெஞ்சணும். "இது கசியல சார்." எப்படிக் கசியும்? ஆயிலே இல்லாமக் காஞ்சு கிடந்த பெட்டி! ஷாஃப்ட் கழட்டும்போது, போல்ட் போட்டு இணைக்கற ஃபிளேஞ்ச்ல ஒரு கோடு போட்டு வெச்சா அதே இடத்துல மாட்டலாம், புதுசா அதிர்வு வராது. ஒரு உளி, ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. அதுகூட இல்ல.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. இந்தப் பழைய ஜீப்ல கியர்பாக்ஸ் ஆயில், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நடு சீலைத் தாண்டி டிரான்ஸ்பர் கேஸுக்குள்ள போறது ஊரறிஞ்ச வியாதி. கியர்பாக்ஸ் வறண்டு ஊளையிடும், பெட்டி வழிய வழிய நிறைஞ்சு பின் சீல்ல கசியும். ரெண்டோட ஆயில் லெவல் போல்ட்டையும் திறந்து பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். பாக்கல. பெட்டியை மாத்தினாங்க, நடு சீலைத் தொடல. புதுசா வந்த பெட்டியும் நிறைஞ்சு பின்னாடி வழிய ஆரம்பிச்சுது. இந்த வண்டியில ஹேண்ட்பிரேக் டிரம் இருக்கறதே அந்தப் பின் அவுட்புட்ல. மொத்தமும் ஆயில்ல குளிச்சு, மேட்டுல பிரேக் நிக்கல. வண்டியை மறுபடி கொண்டு போய் நிறுத்தினேன். குனிஞ்சுகூடப் பாக்கல.

"ஹேண்ட்பிரேக் லைனிங் போயிடுச்சு சார், மாத்திடலாம்."