"போர் அடிக்குது"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்

டீனேஜ் பசங்களைப் பத்தின கதைகள்ல ஒரு முடிவு வரும் பாருங்க, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா இருக்கும். பையன் ரூமுக்குள்ளயே கிடப்பான், கேம், காமிக்ஸ், இல்லன்னா அவனே உருவாக்கி வச்ச ஒரு உலகம், கடைசி பத்து நிமிஷத்துல ஒரு பொண்ணோ ஃப்ரெண்டோ வந்து கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு போவாங்க, முகத்துல வெயில் படும், பின்னாடி பியானோ, முடிஞ்சுது. கற்பனைங்கறது என்னமோ காய்ச்சல் மாதிரியும் அது இறங்கிட்டா பையன் நார்மல் ஆயிடுவான்ங்கற மாதிரியும். அவன் ஏன் அங்க போனான், உள்ள என்ன பண்ணிட்டு இருந்தான்னு யாருக்கும் அக்கறை கிடையாது.

பதினாலு வயசுல ஒரு மெசேஜ் அனுப்புறது எவ்வளவு பெரிய வேலைன்னு நமக்கெல்லாம் மறந்து போச்சு. "நாளைக்கு வர்றியா"ன்னு டைப் பண்ணி, ஐயோ ரொம்ப வழியுற மாதிரி இருக்கேன்னு அழிச்சு, "வர்ற?"னு மாத்தி, இது ஓவர் கெத்தா இருக்கேன்னு மறுபடி அழிச்சு, கடைசில ஒரு ஸ்மைலியோட அனுப்பிட்டு போனைக் கவுத்து வச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துப் பார்த்தா ப்ளூ டிக் விழுந்திருக்கும், பதில் இருக்காது. கற்பனை உலகத்துல இந்த அவஸ்தையே இல்ல. டேவிட் எல்கைண்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1967லயே எழுதிட்டாரு, இந்த வயசுல எப்பவும் ஒரு கூட்டம் நம்மளையே பார்த்துட்டு இருக்குற மாதிரி ஒரு நினைப்பு இருக்கும்னு. அதாவது நிஜ உலகம்னு நாம சொல்ற இடத்துலயே அவங்க பாதி நேரம் கற்பனைலதான் இருக்காங்க.

அதனால என்னைக் கேட்டா கற்பனையா நிஜமாங்கற கேள்வியே தப்பு. அந்த உலகத்துக்குள்ள இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா, அந்த ஆளு "போடா, அப்படியெல்லாம் இல்ல"ன்னு சொல்ல முடியுமா, அதைத்தான் நான் பார்ப்பேன்.

கேத்ரின் பேட்டர்சன் 1977ல எழுதுன 'பிரிட்ஜ் டு டெரபிதியா'வை எடுத்துக்கோங்க (அதுல வர்ற பசங்க டீனேஜுக்கு கொஞ்சம் முன்னாடி, பரவால்ல விடுங்க). பேட்டர்சனோட பையனுக்கு நெருங்கின ஃப்ரெண்டா இருந்த சின்னப் பொண்ணு மின்னல் தாக்கி செத்துப் போனதுக்கு அப்புறம் எழுதுன கதை அது. ஜெஸ்ஸும் லெஸ்லியும் கயிறு பிடிச்சு ஓடையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஒரு ராஜ்ஜியம் உண்டாக்குவாங்க. ஒருநாள் ஜெஸ் அவளைக் கூப்பிடாமலே மியூசிக் டீச்சரோட மியூசியத்துக்குப் போயிடுவான், அன்னைக்கு அவ தனியா தாவும்போது கயிறு அறுந்து செத்துப் போயிடுவா. வேற யாராவது எழுதியிருந்தா "விளையாட்டு போதும்டா"ன்னு ராஜ்ஜியத்தை அங்கயே இழுத்து மூடியிருப்பாங்க. ஜெஸ் என்ன பண்றான், பலகைங்களை எடுத்துட்டு வந்து ஓடைக்கு மேல பாலம் போடறான், அதுவரைக்கும் தொல்லைன்னு விரட்டிட்டு இருந்த தங்கச்சி மே பெல் தலைல பூ வச்சு உள்ள கூட்டிட்டுப் போறான். கயித்துல தாவுறதுக்கு தைரியம் இருக்குறவங்க மட்டும்தான் போக முடியும், பாலம்னா வாண்டுப் பிள்ளையும் நடந்து வரலாம். இந்த ஒரு சீனுக்காகவே அந்தப் புத்தகத்தை எத்தனை தடவ வேணா படிக்கலாம்.

சரி, ரெண்டு பேர் சேர்ந்துட்டா போதும்னு சொல்லிடலாமான்னா அதுவும் முடியல. நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல 1954 ஜூன்ல, 16 வயசு பாலின் பார்க்கரும் 15 வயசு ஜூலியட் ஹியூமும் சேர்ந்து பாலினோட அம்மாவைக் கொன்னுட்டாங்க. ரெண்டு பேரும் ராஜ வம்சமெல்லாம் வச்சு ஒரு உலகத்தையே எழுதி வச்சிருந்தவங்க, நம்மளப் பிரிச்சுடுவாங்கங்கற பயத்துல நடந்தது. பீட்டர் ஜாக்சன் 1994ல எடுத்த 'ஹெவன்லி கிரியேச்சர்ஸ்' இவங்க கதைதான், அதுல அவங்க செஞ்ச களிமண் உருவங்கள் ஆள் உயரத்துக்கு எழுந்து நடமாடும். கற்பனைதான் கொலை பண்ண வச்சுதுன்னு சொல்ற கட்சி நான் இல்ல. ஆனா படத்துல எனக்கு பயமா இருந்தது அந்தக் களிமண் ஆளுங்க இல்ல, போகப் போக அந்தப் பொண்ணுங்களுக்குள்ள எதிர்ப்பேச்சே இல்லாம போறதுதான். ஆளு ரெண்டு, குரல் ஒண்ணு.

இதுக்கு நேர் எதிரா ப்ராண்டே வீட்டுப் பிள்ளைங்க, பின்னாடி 'ஜேன் ஐர்', 'வுதரிங் ஹைட்ஸ்' மாதிரி நாவல்கள் எழுதின இங்கிலாந்துக் குடும்பம். 1826ல அப்பா வாங்கிட்டு வந்த பொம்மை சிப்பாய்ங்களை வச்சு நாலு பேரும் கதை கட்ட ஆரம்பிச்சு, அப்புறம் எமிலியும் ஆனும் தனியா பிரிஞ்சு கோண்டால்னு ஒரு நாடு வச்சுக்கிட்டாங்க. 1845ல எமிலிக்கு 26 வயசு, ரெண்டு பேரும் யார்க் நகரத்துக்குப் போனப்போ கோண்டால் ஆளுங்க மாதிரியே நடிச்சுட்டு போயிருக்காங்க. எனக்குப் பிடிச்சது இது இல்ல. அதே வருஷம் ஜூலைல எமிலி எழுதின குறிப்புல கோண்டால் முன்ன மாதிரியே ஜோரா இருக்குன்னு இருக்கும், ஆன் எழுதினதுல இப்பல்லாம் அவ்வளவு சரியா ஓடலைங்கற மாதிரி இருக்கும். கூட விளையாடுற தங்கச்சிக்கே கொஞ்சம் போர் அடிச்சுருச்சு!

இப்ப வர்ற டீனேஜ் கதைகள்ல சாட்பாட் காதலனும் தோழியும் நுழைஞ்சாச்சு. டிவி புதுசா இருந்த 1956லயே ஹார்டன், வோல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க திரையில வர்ற ஆளோட உண்டாகுற ஒருபக்க நெருக்கத்தைப் பத்தி எழுதினாங்க, ஆனா அந்த டிவி ஆளுக்கு நம்ம பேர் கூட தெரியாது. சாட்பாட் நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடும், ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் போடும், அதுக்குத் தூக்கம் வராது, மூட் அவுட் ஆகாது, உன் கதை இழுவையா இருக்குன்னு அதுவா சொல்றது அபூர்வம். ஆன் மாதிரி ஒருத்தி அங்க இல்ல.

இதை வச்சு கதை எழுதப் போறவங்க தயவுசெஞ்சு கடைசில போனைத் தூக்கித் தண்ணில போடற சீன் மட்டும் வைக்காதீங்க. அந்தப் பொண்ணு சாட்பாட்கிட்ட உக்காந்து கட்டுன கதையை கிளாஸ்ல பக்கத்துல இருக்குறவகிட்ட படிச்சுக் காட்டட்டும், அவ "இந்த ராஜகுமாரன் செம மொக்கைடி, இவனைச் சாகடிச்சுடு"ன்னு சொல்லட்டும், அதுக்காக ரெண்டு பேரும் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கட்டும். அங்கிருந்து கதை எங்க போகும்னு தெரிஞ்சுக்க நான் ரெடி.