ஆள் போயாச்சு, லாகின் போக மாட்டேங்குது

வேலையை விட்டுப் போனவரின் லாகினை எஸ்கியூஎல் சர்வர் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளிலிருந்து தூக்குவது ஒரு வரி வேலை என்றுதான் மேனேஜர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். லாகினை நீக்கும் கட்டளையான டிராப் லாகினை அடித்துப் பாருங்கள். 15174 என்று ஒரு எரர் வந்து நிற்கும்: இவர் பெயரில் டேட்டாபேஸ் இருக்கிறது, முதலில் ஓனரை மாற்று. சரி, எந்த டேட்டாபேஸ்? அதை மட்டும் சொல்லாது. நாமே குவெரி எழுதித் தேட வேண்டும்.

இத்தனைக்கும் அந்த மனிதர் ஓனர் பதவியைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார். என்றோ ஒரு நாள் பழைய பேக்கப்பை எடுத்துப் புதிய பெயரில் ரீஸ்டோர் செய்திருப்பார், அவ்வளவுதான். யார் கை வைத்தார்களோ அவர் பெயருக்கே பட்டா எழுதிக் கொடுத்துவிடுகிறது இந்த சர்வர். செய்கிறபோதே ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஓனரை மாற்றும் ஆல்ட்டர் ஆத்தரைசேஷன் கட்டளையைப் போட்டு, எஸ்ஏ என்ற நிர்வாகி லாகின் பெயருக்கு டேட்டாபேஸை மாற்றினாலும் விடாது. ராத்திரி தானாக ஓடும் ஏஜென்ட் ஜாப் ஏதாவது அவர் பெயரில் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். அவர் லாகினை வைத்து ஏதோ ஒரு அப்ளிகேஷன் இன்னும் கனெக்ட் ஆகியிருந்தால் 15434: இவர் இன்னும் உள்ளே இருக்கிறார், நீக்க முடியாது. (கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில், அதாவது அப்ளிகேஷன் சர்வருக்குள் நுழையும் விவரத்தில், ஆள் பெயரைப் போட்ட புண்ணியவான் யாரோ!)

ஒருவழியாக லாகின் போனாலும் டேட்டாபேசுக்குள் அந்த லாகினுக்கென்று இருக்கும் யூசர் கணக்கு போகாது, அநாதையாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதையும் நீக்கப் போனால் 15138: இவர் பெயரில் ஸ்கீமா (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பெட்டி மாதிரி) இருக்கிறதாம்.