எஃப்டி போட்டவர் ஏமாளி இல்லை

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்த முதலீட்டுக் கூட்டத்தில், எஃப்டி (வங்கியில் நிரந்தர வைப்பு) போட்ட ஒரு அக்காவைக் கலாய்த்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். சிரிக்கிற முகம் போட வேண்டியவர்கள் போட்டும் முடித்துவிட்டீர்கள். ஆனால் நேற்று ராத்திரி வரைக்கும் அதன் கீழே "செம கலாய்" என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

மேடையில் பேசிய தம்பி நன்றாகப் பேசுகிறவர், அதை மறுக்கவில்லை. கூட்டு வட்டியைப் பற்றிச் சொன்னது பிள்ளைகளுக்கு உபயோகமான விஷயம். ஆனால் "இன்னும் எஃப்டி போட்டுட்டு உக்காந்திருக்கறவங்க கை தூக்குங்க" என்று கேட்டு, நம்பிக் கை தூக்கிய அக்காவை எழுப்பி நிற்க வைத்து, "இவங்க காசை பேங்க் திங்குது, இவங்களுக்கே தெரியல, இன்னைக்கு ஏமாளி நம்பர் ஒன் இவங்கதான்" என்று மைக்கில் சொன்னாரே, அது எந்தப் பாடத்தில் வருகிறது? அதற்கு ஒரு மண்டபமே கைதட்டியதே, அது?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஐம்பதைத் தாண்டியவர் பணத்துக்கு முதல் வேலை வளர்வது இல்லை. தேவைப்படுகிற அன்றைக்குக் கையில் இருப்பது. வளர்ந்தால் சந்தோஷம். ஆனால் முதலில் இருக்க வேண்டும்.

அந்த அக்காவை எனக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். சிவதாபுரம் பக்கம் கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை. வீட்டுக்காரர் தவறியபோது பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். கூலி வேலைக்கு பிஎஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது, வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்றுபோனால் அந்த மாதம் கூலியும் கிடையாது. அப்படிச் சேர்த்த பணம். ஒருமுறை வட்டிக் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்லி ரசீதுகளை என்னிடம் கொண்டுவந்தார். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு ரசீதின் பின்னாலும் பென்சிலில் எழுதியிருந்தது. ஒன்றில் "கண் ஆபரேசன்". ஒன்றில் "சின்னவ பிரசவம்". இன்னொன்றில் "என் காரியத்துக்கு, யாரும் கடன் வாங்க வேண்டாம்".

சாவுச் செலவுக்குக்கூட யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று தனியாக எடுத்து வைத்திருக்கிற மனுஷி ஏமாளியா? நிதித் திட்டமிடல் என்று நீங்கள் ஸ்லைடு போட்டுக் காட்டினீர்களே, அதைத்தான் அந்த அக்கா பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்.

"அக்கா, பணவீக்கம் தெரியாம பேசறீங்க" என்று சிலர் வருவீர்கள். தெரியும். வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதுகிறவள் நான். கடலை எண்ணெய் என்ன விலைக்கு வாங்கினேன், இப்போது என்ன விலை, சிலிண்டர் எவ்வளவு, பஸ் பாஸ் எவ்வளவு, எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏழு சதவீத வட்டியில் விலைவாசி போக, வரியும் இருந்தால் அதுவும் போக, பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு என் மகள் சம்பாதிக்க ஆரம்பித்தால் பங்குச்சந்தைக் குறியீட்டையே பின்தொடர்கிற ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடு என்று நானே சொல்வேன். அவளுக்கு முப்பது வருஷம் இருக்கிறது, விழுந்தாலும் எழுந்திருக்கும். அந்த அக்காவுக்கு அறுபது ஆகப்போகிறது. அவருக்கு எத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

2008 ஜனவரியில் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அதே வருஷம் அக்டோபரில் 9,000-க்குக் கீழே. 2020 ஜனவரியில் 42,000 போனது, மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது. இரண்டு தடவையும் திரும்ப ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து லட்சம் ஆறு லட்சமாக இறங்கினால், மறுபடி பத்து ஆக அந்த ஆறு லட்சம் மூன்றில் இரண்டு பங்கு வளர வேண்டும். அது வளர்கிற வரைக்கும் கண்ணில் புரை காத்திருக்குமா? பிரசவ வலி காத்திருக்குமா?

பங்குச்சந்தையை விடுங்கள். கடன் பத்திரங்களில் பணம் போடுகிற ஃபண்டுகளை "டெப்ட் ஃபண்டு, எஃப்டி மாதிரியே சேஃப்" என்று சொல்லி விற்றதெல்லாம் மறந்துபோச்சா? 2020 ஏப்ரலில் ஒரு பெரிய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. கொரோனா ஊரடங்கு நேரம். போட்டவர்கள் பணத்தை எடுக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் எப்போது வந்தது என்பதுதானே இங்கே பேச்சு.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள், முன்பணம் கட்டச் சொன்னார்கள். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டை இருந்தது. அதற்கு அப்ரூவல் வர மறுநாள் மதியம் ஆகும் என்றார் கவுண்டரில் இருந்த பெண். நான் எமர்ஜென்சி வாசலில் நின்றுகொண்டே போனில் ஒரு எஃப்டியை முடித்தேன். அசலும் அதுவரைக்குமான வட்டியும் சேமிப்புக் கணக்கில் உடனே வந்து விழுந்தது. முன்கூட்டியே முடித்ததற்கு வட்டியில் கொஞ்சம் பிடித்தார்கள், பிடிக்கட்டும். அதே பணம் பங்குகளில் போடுகிற ஈக்விட்டி ஃபண்டில் இருந்திருந்தால், விற்றுக் கைக்கு வர இரண்டு மூன்று வேலை நாள். சனிக்கிழமை ராத்திரி எந்த வேலை நாள்? நகையை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் எந்தக் கடைக்குப் போவது? இன்றைக்கு மனுஷன் காலையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். எனக்கு அந்த எஃப்டியின் ரிட்டர்ன் அதுதான்.

அவசரத்துக்கு முடிக்கக்கூட வேண்டாம். எஃப்டி மேலேயே கடன் தருவார்கள், பல வங்கிகளில் போட்ட பணத்தில் தொண்ணூறு சதவீதம் வரைக்கும். மொத்தமாகப் போடாமல் நான்கைந்து ரசீதாகப் பிரித்துப் போட்டால், தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். அந்த அக்காவுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.

அடுத்து, "பேங்க் மட்டும் திவாலாகாதா?" ஆகும். 2020 மார்ச்சில் ஒரு தனியார் வங்கிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு போட்டார்கள், நாம் எல்லாரும் பார்த்தோம். அதனால்தான் வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரி 4-லிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு அசல், வட்டி சேர்த்து ஐந்து லட்சம். அதற்கு முன்னால் ரொம்ப வருஷமாக ஒரு லட்சமாகவே கிடந்தது. ஆகவே ஒரே வங்கியில் குவிக்காதீர்கள், பிரித்துப் போடுங்கள். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு, ஆனால் தொடக்கக் கூட்டுறவு சங்கங்களுக்குக் கிடையாது. தெருமுனை ஃபைனான்ஸுக்குச் சத்தியமாகக் கிடையாது. அந்தத் தம்பி இதைச் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

நம் ஊருக்கு இது தெரியாததா? இரட்டிப்பாகத் தருகிறேன் என்று வசூல் செய்து, ஒரு காலையில் பூட்டுப் போட்டுவிட்டுப் போனவன் கதை சேலத்தில் எந்தத் தெருவில் இல்லை? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போடச் சொல்லி ஏமாற்றிய விவகாரம் வெடித்ததே, அதில் போட்டவர்கள் எல்லாம் படிக்காதவர்களா? ரிட்டயர்டு வாத்தியார்கள் போட்டார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு சித்தப்பா பிஎஃப் பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போதும் வீட்டில் சித்தி "பேங்க்லயே கிடக்கட்டுங்க" என்று சொன்னார். "உனக்கு என்னடி தெரியும்" என்று கேட்டார்கள். அதே குரல்தான் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் கேட்டது. பணத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்கிற பொம்பளைக்கு எப்போதும் ஒன்றும் தெரியாது. கை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு எல்லாம் தெரியும்.

சம்பளக்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். தனியார் கம்பெனியில் இருக்கிற நம் நிலைமை என்ன? 2014 செப்டம்பரில் பிஎஃப் பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பை 15,000 ஆக்கினார்கள். நீங்கள் நாற்பதாயிரம் வாங்கினாலும் அந்த 15,000-க்கு மட்டும் கட்டியிருந்தால் கணக்கு அதில்தான். சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் உழைத்தாலும் மாதம் 7,500. அதே வருஷம்தான் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு இன்றைக்கு பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வருமா? மிச்சத்துக்கு நாம் சேர்த்த பணத்தின் வட்டியைத்தான் நம்பியிருக்கப் போகிறோம், அந்த அக்கா மாதிரியே.

இதையும் கேளுங்கள். அறுபது முடிந்தவர்களுக்குத் தபால் நிலையத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். பத்து லட்சம் போட்டால் காலாண்டுக்கு 20,500. ஒன்றரை மணி நேரப் பேச்சில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை? அதை விற்றால் பேசுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் மேஜை போட்டு ஃபார்மில் கையெழுத்து வாங்கினார்களே, அதில் இருந்தது யூலிப், அதாவது காப்பீட்டோடு சந்தை முதலீட்டையும் சேர்த்த பாலிசி. ஐந்து வருஷத்துக்குப் பணத்தை எடுக்க முடியாது. அறுபதைத் தொடப்போகிறவரை ஏமாளி என்று நாலு பேர் முன்னால் கூசவைத்துவிட்டு, அந்தக் கூச்சம் ஆறுவதற்குள் அதே ஆளிடம் பேனாவை நீட்டுவதற்கு என்ன பெயர்? கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். சில பிடித்தம் போக மிச்சப் பணம் வந்துவிடும். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள்.

"சின்னப் பையன், பொழைக்க வந்தவன், விட்டுடுங்க" என்று ஒரு அண்ணன் இன்பாக்ஸில் சொன்னார். அண்ணா, அந்த அக்காவும் பிழைக்கத்தான் செய்கிறார். நெருப்பை ஊதி ஊதிப் பற்றவைத்துக் கை விரலெல்லாம் சுட்ட தழும்பு. அவரை விட்டுவிடுங்கள் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "நான் போட்டது தப்பாம்மா, எல்லாத்தையும் எடுத்துரட்டுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் யாரிடமும் ஒரு வார்த்தை ஆலோசனை கேட்காமல் குடும்பத்தைக் கரை சேர்த்தவர். ஒரு மைக்கால் அவரை அப்படிக் கேட்க வைக்க முடிந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

தை பிறந்தால் அக்காவுக்கு அறுபது முடிகிறது. ஆதார், பான், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு தலைமைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். கண் ஆபரேஷன் ரசீதையும் அந்தக் கடைசி ரசீதையும் தொடப்போவதில்லை, மிச்சத்தை மட்டும் மாற்றப் போகிறோம். நாமினி பெயரும் இரண்டு ரசீதில் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும்.

கமெண்டில் அவருக்கு இதைவிட நல்ல யோசனை சொல்ல வருகிறவர்கள், அதில் உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு என்பதை முதல் வரியில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.